ஓட்டையில்லாத குழாய்

என் வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நிதானம்’ என்பார்கள். மேனேஜர் மட்டும், வயதில் சின்னவர் என்பதால், ‘நிதானம் அண்ணே’ என்பார். முதல் தடவை காதில் விழுந்தபோது எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். பெயர் வைத்தவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடே தீப்பற்றி எரிந்தாலும் இந்த மனிதர் செருப்பைத் தேடி, இரண்டும் ஒரே ஜோடிதானா என்று பார்த்து, மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார்.

பிறவியிலேயே அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் ஓடுகிற பஸ்ஸைத் தாவிப் பிடித்தவர்தான். அப்போது மின்கம்பங்களில் மாட்டுகிற பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் உலை பார்த்துக்கொண்டிருந்தார். அதை மூடினார்கள். அதே வளாகத்தின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் புதிதாக ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். உலை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனார். அந்த ஷெட்தான் அவரை இப்படி ஆக்கியது.

அங்கே எல்லாமே ஒரு கறுப்புக் குழாயைச் சுற்றித்தான். என் முழங்கை நீளம் இருக்கும், கட்டைவிரல் பருமன், ஒரு முனை அடைத்தது. ஏதேதோ உலோகப் பொடிகளைக் கலந்து, பிசைந்து, குழாயாகப் பிழிந்து, காயவைத்துச் சுட்டெடுப்பார்கள். பீங்கான் வகைதான். ஆனால் பார்த்தால் அடிப்பிடித்த பாத்திரத்தின் நிறம். அதை உலைக்குள் நிறுத்திச் செக்கச்செவேலென்று சூடாக்கி, வெளிப்பக்கம் காற்றை ஓடவிட்டு, உள்பக்கத்திலிருந்து பம்ப் வைத்து இழுத்தால் சுத்தமான ஆக்சிஜன் மட்டும் உள்ளே வரும். காற்றில் இருக்கிற மற்றதெல்லாம் வெளியிலேயே நின்றுவிடும்.

“சல்லடை மாதிரியா?” என்று ஆரம்பத்தில் கேட்டேன். அவர் வேலையைப் பற்றிக் கேட்க அப்போது எனக்குத் தெம்பு இருந்தது.

“சல்லடையில ஓட்டை இருக்கும். இதுல ஓட்டையே இருக்கக் கூடாது.”

“ஓட்டையே இல்லாம காத்து எப்படிங்க போகும்?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒன்று இது, இல்லை அது.

“பஸ்ஸுல ஒரே ஒரு சீட்டு காலின்னு வெச்சுக்கோ. பின் சீட்டுக்காரன் எழுந்து வந்து அதுல உக்கார்றான். இப்ப அவன் சீட்டு காலி. அதுக்குப் பின்னாடி இருக்கிறவன் வந்து அதுல உக்கார்றான். இப்படியே மாறி மாறி உக்காந்து முன்னாடி வந்து இறங்கிடுறாங்க. ஆக்சிஜன் அந்தக் குழாய்க்குள்ள இப்படித்தான் போகும். மத்ததுக்கு அந்த பஸ்ஸுல சீட்டே கிடையாது.”

“ஏன், டிக்கெட் எடுக்கலையா?”

“எடுத்தாலும் கிடையாது. அதுவும் நல்லா சூடானாத்தான் இந்த நகர்றதெல்லாம். சூடு இல்லன்னா எல்லாரும் உக்காந்த இடத்துலயே தூங்கிடுவாங்க.”

அந்தச் சூட்டில்தான் வினையே இருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு டிகிரிதான் ஏற்றலாம். அவசரப்பட்டால் குழாய் விரிசல் விடும். இறக்கும்போதும் அதே கதைதான். அதனால் உலையைப் பற்றவைத்தால் ஒரு பொழுது முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு டிகிரியாக அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருஷக்கணக்காக இப்படி உட்கார்ந்த மனிதருக்கு அந்த வேகமே ஒட்டிக்கொண்டது. சட்டைக்குப் பொத்தான் போடுவதும் அதே வேகம், செய்தித்தாள் படிப்பதும் அதே வேகம். என் மேல் கோபம் வந்தால்கூட மறுநாள்தான் வரும். அதற்குள் நான் சமாதானமாகி, சண்டை எதற்கு என்றே மறந்திருப்பேன்.

நானோ துணிக்கடையின் அடித்தளத்தில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பேன்ட் நீளம் குறைப்பவள். மேலே வாடிக்கையாளர் பில் போட்டு முடிப்பதற்குள் கீழே நான் தைத்து, இஸ்திரி போட்டு மேலே அனுப்பியாக வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படிக் குடும்பம் ஓடியது என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஓடியது, ஒரு மகளும் பிறந்தாள், அவளும் படித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள்.

ஒருமுறை ஆத்திரத்தில், அந்தக் குழாய் எனக்குச் சக்களத்தி என்று மகளிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வியே, “சின்னம்மா எப்படி இருக்காங்க?” என்பதுதான். அவரும் அலட்டிக்கொள்ளாமல், “நல்லா இருக்கா, சூடா இருக்கா” என்று பதில் சொல்லுவார்.

இதெல்லாம் சிரிக்க முடிந்த காலம். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த ஒரு வருஷ ஓட்டம்.

குழாயை வாங்க ஒரு கம்பெனி முன்வந்தது. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஒரே குழாய் ஒரு வருஷம் முழுக்க, உலையை அணைக்காமல், சூடு குறையாமல் ஆக்சிஜன் கொடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் ஆர்டர். காட்டாவிட்டால் ஷெட்டை இழுத்து மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. உலை பார்க்க மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் விஷயம் தெரிந்ததும் வேறு வேலை தேடிக்கொண்டார். மூடப்போகிற ஷெட்டுக்குப் புது ஆளை எவன் போடுவான்? மிஞ்சியது இவரும், ‘சைரன்’ என்று எல்லாரும் கூப்பிடுகிற இன்னொருவரும். சைரன் ரகசியம் பேசினால் தெருமுனைவரை கேட்கும். ஆனால் தங்கமான மனிதர். பகல் ஒருவர், இரவு ஒருவர், வாரம் மாறினால் ஷிஃப்டும் மாறும். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று.

ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச காலத்தில்தான் கண் விஷயம் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி மாற்றப் போனோம். கடையில் பார்த்தவர் கண்ணாடி கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே டாக்டரம்மா எதையெதையோ வைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டர்கள் நாற்காலியை நகர்த்தினால் நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரியும்.

“கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தியா இருக்கு. அது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்குது. ஓரத்துல இருந்துதான் பார்வை போகும். வலிக்காது. போறது உங்களுக்கே தெரியாது.”

“ஆபரேஷன் பண்ணா திரும்ப வருமா?” என்று நான் கேட்டேன்.

“போனது போனதுதாம்மா. இருக்கிறதைக் காப்பாத்தலாம். அதுக்குத்தான் ஆபரேஷன். தள்ளிப் போடாதீங்க.”

இவர் கேட்ட ஒரே கேள்வி, “எத்தனை நாள் லீவு போடணும்?”

“ஒரு மாசமாவது சூட்டுப் பக்கமே போகக் கூடாது. குனிஞ்சு எதையும் தூக்கக் கூடாது.”

தலையாட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதும், “ஓட்டம் முடியட்டும்” என்றார்.

“குழாய் போனா வேற குழாய் பிழிஞ்சுக்குவீங்க. கண்ணு போனா?”

“சொட்டு மருந்து குடுத்திருக்காங்கல்ல.”

“மருந்து சும்மா தடுப்புக்குத்தான்னு அந்தம்மா சொன்னது காதுல விழலையா?”

“நான் ஒரு மாசம் வீட்டுல உக்காந்தா சைரன் ஒருத்தன் எப்படிப் பாப்பான்? ஓட்டம் நின்னா ஷெட்டை மூடிடுவாங்க. அங்க இருக்கிற அத்தனை பேர் வீட்டுலயும் அடுப்பு எரியணும்ல?”

“உங்க கண்ணு நின்னா?” என்றேன்.

அதற்குப் பதில் மறுநாள்கூட வரவில்லை.

அவர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு அலுப்பான காரியம் என்று நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். அவர் குடித்துவிட்டு வந்து ரகளை செய்கிறவராக இருந்தால் தெருவே என் பக்கம் பேசும். இவரோ யாரையும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், யார் கேட்டாலும் சரி என்பார், வந்து சுருண்டு படுப்பார். யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

ஊரில் உள்ளவர்கள் பிள்ளைகளுக்காகவும் வீட்டுக்காகவும் வேண்டிக்கொண்டார்கள். நான் அந்தக் குழாய் உடைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். கரண்ட் போனால் எல்லார் வீட்டிலும் திட்டுவார்கள். நான் மட்டும் ஜெனரேட்டர் பழுதாகி இருக்காதா என்று ஆசையோடு உட்கார்ந்திருப்பேன். பழுதாகவே இல்லை. இவர்தான் அதற்கும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பவர் ஆயிற்றே.

சொட்டு மருந்தை நான்தான் விடுவேன். நேரம் தவறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பகலில் தூங்குகிற வாரத்தில் கடையிலிருந்து ஓடிவந்து எழுப்புவேன். கண்ணைத் திறந்து காட்டிக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவார். தூங்குகிற ஆளின் இமையைப் பிரித்து மருந்து விட்டுவிட்டு, திரும்பவும் கடைக்கு ஓடுவேன். கடையில் சூப்பர்வைசரம்மா என்னைப் பார்த்து, “உனக்கென்னடி, நீயும் ஷிஃப்ட் பாக்கிறியா?” என்பாள். ஆமாம், நானும்தான் பார்த்தேன்.

வரவர கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். டீ டம்ளரைத் தட்டிவிட்டார். ரோட்டில் சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான் என்று ஒருநாள் சிராய்ப்போடு வந்தார். “தூக்கக் கலக்கம்” என்று அவர் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஞாபகப்படுத்திக்கொள்ளப் பயமாக இருந்தது.

பத்தாவது மாதம் போல ஒரு காலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவர் கையில் திராட்சைப் பை இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்காமல் எதையும் வாங்கி வருகிற ஆள் இல்லை.

“என்னங்க, வழியில யாராவது குடுத்தாங்களா?”

“நான்தான் வாங்கினேன். உனக்குப் பிடிக்கும்ல.” உட்கார்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “குழாய் கூடுதலா குடுக்குதும்மா. ரெண்டு மூணு நாளாவே ஏறிட்டே வருது. இவ்வளவு நாள் ஓடின குழாய் கொஞ்சம் கொஞ்சமா குறையத்தான் செய்யும். இது ஏறுது. மேனேஜரே பாத்துட்டு மேலிடத்துக்குப் போன் பண்ணிட்டார். அந்தக் கம்பெனிக்காரங்க வருஷம் முடிய வேணாம், இந்த மாசக் கடைசியிலயே வந்து பாத்து முடிச்சுக்கலாம்னு சொல்றாங்களாம்.”

எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. நான் திராட்சையைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, “அப்ப ஆஸ்பத்திரிக்கு நாள் கேக்கட்டுமா?” என்றேன்.

“கேளு.”

அந்த ஒரு சொல்லுக்கு நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன். கையைத் துடைக்காமல் அப்படியே போனை எடுத்தேன். அடுத்த மாதத்தின் முதல் வாரத்தில் நாள் கொடுத்தார்கள். மகளிடம் சொன்னேன். “சின்னம்மாவுக்கு ஒரு முத்தம் குடும்மா!” என்றாள். எனக்கே அன்று அந்தக் குழாயின் மேல் ஒரு பாசம் வந்தது. நாசமாய்ப் போக வேண்டும் என்று நினைத்தேனே, கடைசியில் நல்லது செய்துவிட்டாளே என்று இருந்தது.

சைரன் அந்த வாரம் லீவில் இருந்தார். அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவருடைய ஷிஃப்டை மேனேஜர் பார்த்தார். லீவு முடிந்து சைரன் வேலைக்குத் திரும்பிய அன்று காலை இவர் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஸ்பீக்கர் போடத் தேவையே இல்லை. சைரனின் குரல் அடுப்படிவரை வந்தது.

“அண்ணே! கசிவு மீட்டரைப் பாத்தீங்களா?”

கசிவு மீட்டர் என்பது இன்னொரு மீட்டர். உள்ளே வருகிற வாயுவில் ஆக்சிஜனைத் தவிர வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்று காட்டுவது. கலந்தால் சிவப்பு விளக்கு எரியும்.

“பாத்தேனே. ஜீரோதான்.”

“ஜீரோவா! சிவப்பு லைட்டு எரியுதுண்ணே! வாசல்ல நுழையும்போதே எனக்குத் தெரிஞ்சுது!”

“நான் கிளம்பும்போது எரியலப்பா.”

“உங்க நாற்காலிக்கு இடது கைப் பக்கத்துலயே இருக்குண்ணே. எப்படிண்ணே தெரியாம இருக்கும்?”

இவர் போனை வைத்தார். சைரன் அவரைப் பொய்யர் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அவர் பொய் சொல்லமாட்டார் என்று தெரியும். அதனால்தான் பயந்துபோனேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினேன்.

ஷெட்டுக்குள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளே அனல், பம்ப்பின் சத்தம், சுவரில் காய்ந்துபோன டீக்கறை. அவர் வழக்கம்போலத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எதிரே எவ்வளவு வாயு வருகிறது என்று காட்டும் மீட்டர். இடது பக்கம், தோள் உயரத்தில், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. அவர் நேராகப் பார்த்துக்கொண்டே, “எங்கடா எரியுது?” என்று கேட்டார்.

சைரன் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். “திரும்பிப் பாருங்கண்ணே.”

தலையை முழுக்கத் திருப்பினார். “ஆமா” என்றார்.

என்ன நடந்தது என்று பிறகு மேனேஜர் விளக்கினார். குழாயை உலோகத்தோடு சேர்க்கிற இடத்தில் கண்ணாடிப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டில் மயிரிழை விரிசல். பம்ப் உள்ளேயிருந்து இழுப்பதால் அந்த விரிசல் வழியாக வெளிக்காற்று அப்படியே உள்ளே புகுந்துவிட்டது. அதைத்தான் குழாய் கூடுதலாகக் கொடுக்கிறது என்று பூரித்துப்போயிருந்தார்கள். அந்த மீட்டர் மாதக்கணக்காக ஜீரோவைத் தவிர வேறு எதையும் காட்டியதில்லை. எரிந்தால் கண்ணில் படாமலா போகும் என்று ஷெட்டில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கேட்டால் ஜீரோ என்பது வாயில் தானாக வரும். மேனேஜரும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அவர் ஏறுகிற எண்ணை மேலிடத்துக்குப் போன் செய்வதிலேயே குறியாக இருந்தார். தன் தப்பையும் சேர்த்துத்தான் சொன்னார், ஒளிக்கவில்லை.

“அணைச்சிடுங்கண்ணே” என்றார் மேனேஜர். முகம் செத்திருந்தது.

“வேணாம் சார். மெதுவா இறக்கிடறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “செத்ததுக்கு என்னங்க வைத்தியம்? அணைச்சுட்டு வாங்க, வீட்டுக்குப் போகலாம்.”

“டக்குன்னு அணைச்சா முழுசும் நொறுங்கிடும். அப்புறம் குழாயில தப்பா, ஒட்டுல தப்பான்னு யாருக்கும் தெரியாது. நீ போய்ப் படு.”

இரவெல்லாம் விழித்திருந்த மனிதர், என்னைப் போய்ப் படு என்கிறார். அந்தச் சூடு இறங்கி முடியும்வரை, நிமிஷத்துக்கு ஒரு டிகிரியாக, மறுநாள்வரை உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவு அலுத்துவிட்டது.

குழாய் முழுசாக வெளியே வந்தது. விரிசல் ஒட்டில்தான், குழாயில் இல்லை. அதைக் கண்டதும் மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒட்டுதானே, புதுக் குழாயை வேறு பசை வைத்து ஒட்டிவிட்டு மறுபடி ஓட்டத்தை ஆரம்பிக்கலாம் என்று கம்பெனியிடம் கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கிவிட்டார். ஆரம்பிக்கிற தேதி எங்கள் ஆபரேஷன் வாரத்தில் வந்து விழுந்தது.

கடையில் ஒரு பேன்ட்டைப் பாதி மடித்துப் பிடித்திருந்தேன். இவர் போன் செய்தார். “ஆஸ்பத்திரியில ஒரு ரெண்டு வாரம் தள்ளிக் கேளு. உலையை ஏத்தி விட்டுட்டு மட்டும் வந்துடறேன்.”

பேன்ட்டை அப்படியே மெஷினில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். சூப்பர்வைசரம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. ஷெட்டில் மேனேஜர் புதுக் குழாயைப் பஞ்சில் சுற்றி, பச்சைக்குழந்தையைப் போலக் கையில் வைத்திருந்தார்.

“சார், இந்த மனுஷனைக் கூட்டிட்டுப் போக வந்தேன்” என்றேன்.

“அக்கா, ஏத்திவிட மட்டும்தான். இவரை மாதிரி நிதானமா ஏத்த ஆள் இல்லக்கா.”

“இல்லாட்டி நீங்களே உக்காந்து ஏத்துங்க. கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? பக்கத்துல எரியற லைட்டு இவருக்குத் தெரியல சார். எதனாலன்னு இங்க ஒருத்தராவது கேட்டீங்களா? குழாய் எங்க விட்டுச்சுன்னு ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்தீங்க. இவருக்கு எங்க விட்டுச்சுன்னு பாக்க யாருக்கும் நேரமில்ல.”

மேனேஜர் குழாயைப் பஞ்சோடு மேசையில் வைத்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையில் கண்ணாடியைத் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டார். துழாவித்தான் எடுத்தார். அதை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது, “அவரை அப்படிப் பேசியிருக்க வேணாம்” என்றார். “பேசுவேன்” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏதாவது சொல்ல வாயெடுத்தாலே அழுதுவிடுவேன் போலிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் பார்வையை மறுபடி அளக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு அறைக்கு அனுப்பினார்கள். விளக்கை அணைத்த சின்ன அறை. ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷின். அதில் மோவாயை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். மெஷினை ஓட்டுகிற பெண் எங்கள் மகள் வயது. என்னை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரவிட்டாள். அவள் பார்க்கிற திரை எனக்கும் தெரிந்தது. மெஷின் வெளிச்சம் காட்டும்போதெல்லாம் திரையில் ஒரு புள்ளி வரும்.

முதலில் வலது கண். டிக் என்று பொத்தான் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக், டிக். விட்டுவிட்டு வந்தாலும் வந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் நான் மூச்சு விட்டேன். “நல்லா பண்றீங்க சார்” என்றாள் அந்தப் பெண். பிறகு வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்கு மாற்றினாள்.

ஆரம்பத்தில் ஒரு டிக் கேட்டது. அவ்வளவுதான். அறையில் ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். எத்தனை மாதத் தூக்கம் பாக்கி இருக்கிறது அந்த உடம்புக்கு, இந்த இருட்டில் உட்காரவைத்தால் தூங்கத்தான் செய்வார் என்று, எழுப்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தூங்கவில்லை. முதுகு நேராக இருந்தது. கட்டைவிரல் பொத்தானின் மேல் தயாராக இருந்தது. உலைக்கு முன்னால் உட்காருவாரே, அதே உட்கார்வு.

“ஏம்மா,” என்றார், மோவாயை எடுக்காமல். “மெஷின் நின்னுபோச்சு போல இருக்கே. லைட்டே வரல. எங்கயாவது ஒயர் விட்டிருக்கும், பாருங்க. அவசரமில்ல, நான் உக்காந்திருக்கேன்.”

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். திரையில் புள்ளிகள் ஒன்று மாற்றி ஒன்றாக வந்துகொண்டுதான் இருந்தன. எழுந்து போய் அவர் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டார். நான் பக்கத்தில் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

“மெஷின் ஓடிட்டுத்தாங்க இருக்கு” என்றேன்.

“அப்படியா?” என்றார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல், வெளிச்சம் வருகிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.